வெங்காயம் உள்ளே, சம்பங்கி வெளியே

சென்னை நர்சரிகளில் ஒரு வழக்கம் உண்டு. கிழங்கிலிருந்து முளைத்து, நீளநீளமாய்ப் பச்சை இலை விட்டு, இலையே இல்லாத தண்டின் உச்சியில் பூக்கிற செடி எதுவானாலும் அதற்குப் பெயர் லில்லி. ஸ்பைடர் லில்லி, ரெயின் லில்லி, மே மாதம் சிவப்புப் பந்தாய்ப் பூக்கும் ஃபுட்பால் லில்லி, கிரைனம் லில்லி. அடையாறிலும் தி. நகரிலும் சாலைத் திட்டுகளில் நட்டிருக்கும் வெள்ளைப் பூவைக் கேட்டாலும் லில்லி என்றுதான் பதில் வரும். தாவரவியல் கணக்கில் இவற்றுள் ஒன்றுகூட லில்லி கிடையாது. உண்மையான லில்லி, அதாவது லிலியம் என்ற பேரினம், குளிர் கேட்கும் செடி. தமிழ்நாட்டுக் காடுகளில் அதைப் பார்க்க நீலகிரிக்கோ பழனி மலைக்கோ ஏற வேண்டும். அங்கே வளர்வதற்கு ராபர்ட் வைட் 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியின் பெயரையே சூட்டினார். தி. நகர் பூங்கொத்துக் கடைகளில் செலோஃபேன் சுற்றி விற்கும் பெரிய லில்லிகள் குளிர்ப் பிரதேசங்களிலிருந்து வந்து இறங்குபவை. சென்னை மண்ணில் நட்டு வைத்துப் பிழைப்பவை அல்ல.

நம் ஊர் 'லில்லி'கள் சேர்ந்திருக்கும் குடும்பத்தின் பெயர் அமரிலிடேசி. உலகம் முழுக்க ஏறக்குறைய 75 பேரினங்களும் 1,600 சிற்றினங்களும் கொண்டது. இந்தக் குடும்பத்துக்கு எல்லை எது என்ற வழக்கு 270 ஆண்டுகளாக நடந்துவருகிறது. வழக்கில் சம்பந்தப்பட்ட பெரும்பாலோரை மயிலாப்பூரை விட்டு நகராமலே பார்த்துவிடலாம் என்பதுதான் இதைச் சென்னையில் இருந்து எழுதுவதில் உள்ள வசதி. மாட வீதிப் பூக்கடையில் சம்பங்கி, பக்கத்துக் காய்கறிக் கடையில் சின்ன வெங்காயம், கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் நிலப்பனைக் கிழங்கு, மொட்டைமாடித் தொட்டியில் அமரில்லிஸ். இந்த நாலும் குடும்பத்துக்குள்ளே போனதும் வெளியே வந்ததும்தான் கதை.

முதலில் பூவைப் பார்த்துவிடுவோம். பூங்கா வேலியோரங்களில் ஸ்பைடர் லில்லியும் கிரைனமும் அடுத்தடுத்து நிற்பது நகரத்தில் சாதாரணம். இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் ஒல்லியான ஆறு இதழ்கள். மாலையில் விரிந்து இரவில் மணப்பவை. ஸ்பைடர் லில்லியின் நடுவே மெல்லிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பிலிருந்துதான் ஆறு மகரந்தத்தாள்களும் கிளம்பும். மகரந்தக் கம்பிகளின் அடிப்பாகங்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டியதால் உண்டான கிண்ணம் அது. கிரைனத்தில் கிண்ணம் கிடையாது. ஆறு கம்பிகளும் தனித்தனியே, மேல்பாதி ஊதாச் சிவப்பேறி, நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பூவுக்கும் கீழே ஒரு பச்சைக் குழல் ஓடுகிறது. பூக்காம்பு என்று பலர் நினைப்பது இந்தக் குழலைத்தான். உண்மையில் அது இதழ்கள் இணைந்த குழாய். அதன் அடியில், தண்டின் தலையை ஒட்டிச் சின்னப் புடைப்பாக உட்கார்ந்திருப்பதுதான் சூற்பை. இதழ்களெல்லாம் சூற்பைக்கு மேலே இருந்து புறப்படுகின்றன. இதைக் கீழ்மட்டச் சூற்பை என்பார்கள்.

இனி ஒரு வெங்காயப் பூ வேண்டும். கடையில் வெங்காயத்தாள் கட்டு வாங்கும்போது சில சமயம் மொட்டோடு ஒரு தண்டு மாட்டும். அல்லது சமையலறையில் முளைவிட்ட வெங்காயத்தைத் தொட்டியில் ஊன்றிப் பொறுமையாய்க் காத்திருக்கலாம். உள்ளே கூடான ஒரு தண்டு இலையில்லாமல் எழும். உச்சியில் காகிதம்போல மெல்லிய உறை மொட்டுகளை மூடியிருக்கும். அது கிழிந்தால் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள், எல்லாக் காம்புகளும் ஒரே புள்ளியிலிருந்து. பூ ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால் இதழ் ஆறு, மகரந்தத்தாள் ஆறு, நடுவில் மூன்றறைச் சூற்பை. ஆனால் சூற்பை இதழ்களுக்கு மேலே, வெட்டவெளியில் இருக்கிறது. மேல்மட்டச் சூற்பை. கிரைனத்துக்கும் வெங்காயத்துக்கும் இடையே ஒற்றுமை இவ்வளவு, வேற்றுமை இவ்வளவு. எதை எடையாகக் கொள்வது என்பதில்தான் அறிஞர்கள் பிரிந்தார்கள்.

லின்னேயஸுக்கு அந்தச் சங்கடம் இல்லை. 1753-இல் அவர் வெளியிட்ட 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' பூவில் மகரந்தத்தாள் எத்தனை, சூல்தண்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்து அறை ஒதுக்குகிறது. ஆறு தாள், ஒரு சூல்தண்டு என்ற அறையில் வெங்காயம், கிரைனம், ஸ்பைடர் லில்லிபோலக் கிண்ணம் வைத்த பாங்கிராஷியம், அமரில்லிஸ், சம்பங்கி, செங்காந்தள், கற்றாழை எல்லாம் ஒன்றாக இருந்தன. கூடவே மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியின் பேரினமும் இருந்தது, அதற்கும் தாள் ஆறு என்பதால். நெல்லுக்கும் ஆறுதான். ஆனால் சூல்தண்டு இரண்டு என்பதால் அது அடுத்த அறைக்குப் போயிற்று. இது உறவைச் சொல்லும் முறை அல்ல, தேடி எடுப்பதற்கான முறை என்பது லின்னேயஸுக்கே தெரியும். கண்ணில் படும் ஒரே பண்பைப் பிடித்துக்கொண்டு செடிகொடிகளைப் பிரிப்பது நமக்கும் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் வயிரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று பகுக்கிறது. பனையும் தென்னையும் அதன்படி புல் பக்கம் போய்விடும். இன்றைய ஒருவித்திலைத் தாவரங்களின் எல்லைக்கு அது வியப்பூட்டும் அளவு நெருங்கி வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அதற்குமேல் அதில் பெருமை தேடுவது சரியாக வராது.

லின்னேயஸின் முறை தமிழ்நாட்டுக்கு வந்த வழி தரங்கம்பாடி. அவரிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராக அங்கே வந்து இறங்கினார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகி' இவர்தான். அவருக்குப் பின் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ரோட்லர் வேப்பேரியில் தங்கி 1836-இல் மறையும்வரை செடி சேகரித்தார். அதே கையால் தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்த காலம் அது.

எண்ணிக்கையை விட்டுவிட்டு அமைப்பைப் பார்க்க வேண்டும் என்ற மாற்றம் பாரிஸில் தொடங்கியது. 1789-இல் ஜுஸ்ஸியூ இதழும் தாளும் சூற்பைக்கு மேலிருந்து வருகின்றனவா கீழிருந்து வருகின்றனவா என்பதைப் பெரிய அடையாளமாக எடுத்துக்கொண்டார். 1805-இல் ஜோம் செயின்ட்-இலேர் அமரிலிடேசி என்ற பெயரில் குடும்பத்தை நிறுவினார். 1810-இல் ராபர்ட் பிரௌன் அதை மேலும் இறுக்கினார். இந்தக் குடும்பத்துக்கு முதன்முதலாகத் தனி நூல் எழுதியவர் வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார், 1837-இல். அவர் வெறும் பெயர் சூட்டுபவர் அல்ல. தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் கலப்பினம் செய்து பார்த்தவர். எதோடு எது சேர்ந்து விதை பிடிக்கிறதோ அதுவே உறவு என்பது அவர் கட்சி. கிரைனம் செடிகளை ஒன்றோடொன்று கலந்தபோது காயில் இருந்த சூல்களெல்லாம் விதையானது என்று அவர் குறித்து வைத்ததை டார்வின் 1859-இல் தமது நூலில் எடுத்தாண்டார். நம் மொட்டைமாடியில் அமரில்லிஸ் என்று வளர்க்கும் செடிக்கு ஹிப்பியாஸ்ட்ரம் என்ற பெயர் 1821-இல் ஹெர்பர்ட் வைத்தது. அதன் முதல் கலப்பினத்தை உண்டாக்கியவர் தாவரவியலரும் அல்ல, லங்காஷயரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஆர்தர் ஜான்சன் என்பவர். ஆண்டு 1799.

ஆனால் இந்தியாவில் வேரூன்றியது பெந்தமும் ஹூக்கரும் 1862-க்கும் 1883-க்கும் இடையில் முடித்த 'ஜெனரா பிளாண்டாரம்'. நம் ஹெர்பேரியங்களின், அதாவது உலர்தாவரச் சேகரிப்புகளின், அலமாரிகள் இன்னும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் சூற்பையின் இடமே தீர்ப்பு. கீழ்மட்டச் சூற்பை கொண்ட ஒருவித்திலைகள் எபிகைனே என்ற தொகுதிக்குப் போயின. அமரில்லிஸ் குடும்பத்துக்கு அங்கே துணையாக வாழையும் இஞ்சியும் வள்ளிக்கிழங்கின் உறவினர்களும் இருந்தனர். மேல்மட்டச் சூற்பை கொண்ட லில்லி குடும்பம் கரோனாரியே என்ற இன்னொரு தொகுதிக்குப் போயிற்று. வெங்காயம் அதற்குள். அக்கம்பக்கத்தில் ஏரிகளை அடைக்கும் ஆகாயத்தாமரையின் குடும்பம். கிரைனத்துக்கும் வெங்காயத்துக்கும் நடுவே சுவர் மட்டுமல்ல, இரண்டு தெரு தூரம் வந்துவிட்டது.

அதே அளவுகோல் வேறு சிலரை உள்ளே இழுத்தது. சம்பங்கிக்குச் சூற்பை கீழே. ஆகவே அது அமரிலிடேசி. ரயில்பாதை ஓரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கும் சூற்பை கீழே. அதுவும் அமரிலிடேசி. நாட்டு மருந்துக் கடை நிலப்பனை, மண்ணையொட்டிப் பூக்கும் மஞ்சள் பூச்செடி, அதுவும் அப்படியே. கேம்பிள் தொடங்கி, 1925-இல் அவர் இறந்தபின் பிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936) இந்த மரபில் எழுந்தது. நகரத்துக்கென்றே எழுதப்பட்ட நூல் மயூரநாதனுடையது. 'மெட்ராஸ் நகரத்தின் பூக்கும் தாவரங்கள்' என்று 1929-இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. அதை லிவிங்ஸ்டனும் ஹென்றியும் திருத்திப் புதுக்கி 1994-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். சென்னையில் என்ன செடி எங்கே இருந்தது என்று தேடுகிறவர்களுக்கு இன்றும் முதல் புகலிடம் அதுதான்.

சூற்பை ஆட்சிக்கு முதல் பெரிய எதிர்ப்பு 1934-இல் கியூ தோட்டத்து ஜான் ஹட்சின்சனிடமிருந்து வந்தது. அவர் கேட்ட கேள்வி எளிது. சூற்பை மேலே போவதும் கீழே இறங்குவதும் பல குலங்களில் தனித்தனியாக நிகழக்கூடியது, ஆனால் இலையற்ற தண்டு, உச்சியில் உறை, உறைக்குள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் பூக்கள் என்ற இந்த மொத்த ஏற்பாடும் அப்படித் தற்செயலாக வருமா? இந்தப் பூக்கொத்தை மேலோட்டமாகக் குடைமஞ்சரி என்கிறோம். நிஜக் குடைமஞ்சரியில் வெளிப்பூ முதலில் மலர்ந்து உள்நோக்கிப் போகும். ஸ்பைடர் லில்லிக் கொத்தைப் பாருங்கள், இன்றைக்கு ஓரத்தில் ஒன்று, நாளைக்கு நடுவில் ஒன்று என்று ஒழுங்கில்லாமல் பூக்கும். வெங்காயத்திலும் அதே ஒழுங்கின்மைதான். பல சிறு கிளைக்கொத்துகள் சுருங்கிச் சுருங்கி ஒரே இடத்தில் வந்து நின்றதால் உண்டான போலிக் குடை அது. இவ்வளவு வினோதமான கட்டுமானம் இரண்டு இடத்தில் இருந்தால் அது உறவைக் காட்டுகிறது என்றார் ஹட்சின்சன். வெங்காயத்தையும் பூண்டையும் லில்லி குடும்பத்திலிருந்து பெயர்த்து அமரிலிடேசிக்குள் கொண்டுவந்தார். சம்பங்கிக்குக் குடை கிடையாது, பூக்கள் தண்டு நெடுக இரண்டிரண்டாக வருகின்றன. அதை வெளியே அனுப்பி ஆனைக்கற்றாழையோடு அகவேசி என்ற குடும்பத்தில் சேர்த்தார். நிலப்பனைக்கு ஹைபாக்ஸிடேசி.

சம்பங்கி விஷயத்தில் அவருக்குக் கைகொடுக்க அதற்கு ஓராண்டு முன்பே சாட்சி வந்திருந்தது. 1933-இல் மெக்கெல்வியும் சாக்ஸும் யூக்காவிலும் ஆனைக்கற்றாழையின் பேரினமான அகவேயிலும் குரோமோசோம்களை எண்ணினார்கள். இரண்டிலும் 5 பெரியவை, 25 மிகச் சிறியவை. யூக்காவுக்குச் சூற்பை மேலே, அகவேக்குக் கீழே. பெந்தம்-ஹூக்கர் கணக்கில் இரண்டும் வெவ்வேறு குடும்பம். குரோமோசோமோ ஒரே கையெழுத்து. அடுத்து சம்பங்கியைப் பார்த்தால் அதிலும் அதே 5, அதே 25. சூற்பையை நம்பி எழுதிய தீர்ப்பு இங்கே உடைந்துவிட்டது. இந்தச் சர்ச்சை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். நுண்ணோக்கியில் ஒரே பார்வை, வாதத்துக்கு இடமே இல்லை.

அப்படியும் ஹட்சின்சனை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1981-இல் அமெரிக்காவின் கிரான்குவிஸ்ட் இந்தத் தலைவலியே வேண்டாம் என்பதுபோல அமரிலிடேசியை மொத்தமாகவே லில்லியேசிக்குள் கரைத்துவிட்டார். நான்கு ஆண்டு கழித்து டால்கிரனும் அவர் குழுவும் நேர் எதிராகப் போய்ப் பழைய லில்லி குடும்பத்தைப் பல சிறு குடும்பங்களாக உடைத்தார்கள். 1985-இல் வந்த அந்த நூலின் பலம் அவர்கள் பார்த்த நுணுக்கங்களில் இருந்தது. வெங்காய விதை ஏன் கறுப்பு என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. விதையுறையில் ஃபைட்டோமெலன் என்ற கரிய மேலோடு படிவதால் அந்தக் கறுப்பு. ரெயின் லில்லி விதையும் கறுப்பு, பாங்கிராஷியம் விதையும் கறுப்பு. செங்காந்தள் விதையோ ஆரஞ்சுச் சிவப்பு, மேலோடு இல்லை. தேன் சுரக்கும் இடமும் மாறுகிறது. வெங்காயத்திலும் அமரில்லிஸிலும் சூற்பையின் அறைச்சுவர்களுக்கு நடுவே தேன் ஊறும். செங்காந்தளில் இதழின் அடியில் ஊறும். இந்த இரு பண்பும் சேர்ந்து, பழைய லில்லிக் கூட்டத்தை அஸ்பராகேல்ஸ், லில்லியேல்ஸ் என்று இரண்டு பெரும் பிரிவாக வெட்டின. தமிழ்நாட்டின் மாநிலப் பூ, குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் முதலாவதாக நிற்கும் காந்தள், லில்லியேல்ஸ் பக்கம் கோல்சிகேசி குடும்பத்துக்குப் போயிற்று. கண்வலிக்கிழங்கு என்று தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுவது அதைத்தான். அதில் இருக்கும் கோல்சிசின் என்ற நஞ்சு அந்தக் குடும்பத்தின் முத்திரை.

பிறகு டிஎன்ஏ வந்தது. 1993-இல் சேஸும் நாற்பதுக்கு மேற்பட்ட கூட்டாளிகளும் பசுங்கணிகத்தில் இருக்கும் ஒரே மரபணுவை ஐந்நூறு விதைத் தாவரங்களில் ஒப்பிட்டு ஒரு மரம் வரைந்தார்கள். அதையொட்டி உருவான ஏபிஜி என்ற கூட்டுக்குழு 1998, 2003, 2009, 2016 என்று நான்கு முறை தன் வகைப்பாட்டை வெளியிட்டிருக்கிறது. விடை ஹட்சின்சனுக்குச் சாதகம். வெங்காயக் கூட்டமும் அமரில்லிஸ் கூட்டமும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு. ஊட்டித் தோட்டங்களில் நீலப் பந்தாகப் பூக்கும் அகபாந்தஸ் மூன்றாவது பங்காளி. போலிக் குடை மூன்றுக்கும் பொது. சூற்பை அமரில்லிஸ் கூட்டத்தில் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவே.

ஆனால் உறவு தெரிந்துவிட்டால் பெயர் தானாக வந்துவிடாது. மூன்றையும் தனித்தனிக் குடும்பமாக வைக்கலாம், ஒன்றாகவும் சேர்க்கலாம். டிஎன்ஏ இரண்டுக்கும் சம்மதிக்கும். 2003-இல் ஏபிஜி சேர்த்தே வைக்கலாம் என்றது, விரும்பினால் பிரித்துக்கொள்ளவும் அனுமதித்தது. சேர்த்தால் சட்டப்படி மூத்த பெயர் ஆள வேண்டும். அமரிலிடேசி 1805-ஐச் சேர்ந்தது. வெங்காயத்தின் பெயரால் அமைந்த ஏலியேசி 1797-ஐச் சேர்ந்தது. ஆக, வெங்காயம் உள்ளே வந்தது மட்டுமல்ல, வீட்டுக்கே சொந்தக்காரன் ஆகிவிட்டது! அமரில்லிஸும் கிரைனமும் ஏலியேசி என்று எழுத வேண்டிய நிலை. தோட்டக்கலைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. 2007-இல் தாவரவியலர் மீரோவும் வேறு மூவரும் டாக்ஸான் இதழில் மனுப் போட்டார்கள். அமரிலிடேசி என்ற பெயரை மற்றதைவிட மேலாகப் பாதுகாக்க வேண்டும் என்று. அது ஏற்கப்பட்டது. 2009 முதல் முழுக் குடும்பமும் அமரிலிடேசி. அதற்குள் அமரிலிடாய்டே, ஏலியாய்டே, அகபாந்தாய்டே என்று மூன்று துணைக்குடும்பங்கள்.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சேர்த்து வைத்தது நல்லதுதான். மூன்றாய்ப் பிரித்தால் ஒவ்வொன்றும் எதிலிருந்து வேறு என்று மட்டும் மாணவன் மனப்பாடம் செய்வான். சேர்த்து வைத்தால் எதனால் ஒன்று என்று கேட்பான், அந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய விடை இருக்கிறது. ஆனால் துணைக்குடும்பத்தைச் சொல்லாமல் குடும்பப் பெயரோடு நின்றுவிட்டால் ஆபத்தும் இருக்கிறது. அமரிலிடாய்டே கூட்டத்துக்கே உரிய ஆல்கலாய்டுகள் உண்டு. லைகோரின் அவற்றில் பரவலானது, தின்றால் வாந்திதான். கிரைனத்துக்குத் தமிழில் விஷமூங்கில் என்ற பெயர் சும்மா வரவில்லை. வெங்காயக் கூட்டத்தில் அந்த ஆல்கலாய்டுகள் இல்லை, கண்ணைக் கரிக்கும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. கிழங்கு பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், முகர்ந்தால் வெங்காய வாடை வராத கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது. அதே ஆல்கலாய்டுகளில் ஒன்றான காலந்தமின் ஞாபகமறதி நோய்க்கு மருந்தாக 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விரத நாளில் வெங்காயம் பூண்டை ஒதுக்கிவைக்கும் மயிலாப்பூர் வீடுகளில் வாசல் தொட்டி அமரில்லிஸை யாரும் ஒதுக்குவதில்லை என்பதைக் குடும்ப விவகாரமாக மட்டும் குறித்து வைப்போம்.

அமரில்லிஸ் என்றதும் இன்னொரு பெயர்ச் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை மாத மழைக்குச் சிவப்பு ஊதுகுழலாய்ப் பூக்கும் நம் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. லின்னேயஸ் 1753-இல் அமரில்லிஸ் பெல்லடோனா என்று பெயரிட்டது எதற்கு, இதற்கா, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வளரும் இளஞ்சிவப்புப் பூவுக்கா? 1938-இல் உஃபோஃப் என்பவர் தென் அமெரிக்கச் செடிக்குத்தான் என்று கிளப்பினார். இங்கிலாந்தின் சீலி மறுத்தார். ஐம்பது வருடம் ஓடியது. 1987-இல் பெர்லினில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு கேப் செடியே அமரில்லிஸ் என்று முடித்து வைத்தது. அதன்படி நம் மொட்டைமாடிச் செடி ஹிப்பியாஸ்ட்ரம்தான். தி. நகர் நர்சரிக்காரர் இன்னும் அமரில்லிஸ் என்றுதான் விற்கிறார். அவரிடம் மாநாட்டுத் தீர்மானத்தைக் காட்டிப் பயனில்லை, லண்டன் நர்சரியிலும் நிலைமை அதுவே.

கிண்ணம் வைத்த வெள்ளைப் பூக்களிலும் இதேபோல இரண்டு கண்டத்துப் பிரச்சினை இருந்தது. பாங்கிராஷியம் பழைய உலகத்துச் செடி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் தானாக வளர்வது, ராக்ஸ்பரோ பெயரிட்ட மூன்றுபூ இனம் அவற்றில் ஒன்று. ஸ்பைடர் லில்லி அமெரிக்கக் கரையோரத்துச் செடி. இரண்டிலும் அதே மகரந்தக் கிண்ணம். பழைய தாவரநூல்கள் இரண்டையும் பாங்கிராஷியத்திலேயே வைத்திருந்தன. சாலிஸ்பரி 1812-இல் ஹைமனோகாலிஸ் என்று அமெரிக்கச் செடியைப் பிரித்தார். விதையைப் பார்த்தால் அவர் செய்தது சரியென்று தெரியும். பாங்கிராஷியம் விதை காய்ந்த கறுப்பு, ஹைமனோகாலிஸ் விதை சதைப்பற்றான பச்சை உருண்டை. டிஎன்ஏ மரத்திலும் இரண்டும் வெவ்வேறு கிளை. ஒன்று ஆப்பிரிக்க, மத்தியதரைக்கடல் உறவுகளோடு, மற்றது அமெரிக்க உறவுகளோடு. கிண்ணம் தனித்தனியாக இரண்டு முறை உண்டாயிற்று. பூவின் தோற்றத்தை அந்துப்பூச்சிகள் தீர்மானிக்கின்றன, வம்சத்தை இடம் தீர்மானிக்கிறது. இந்தக் குடும்பத்தில் உறவைச் சொல்வதில் பூவைவிட நிலப்படம் நம்பகமானது என்பது மீரோ போன்றோரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் விஷயம். கிரைனத்தின் விதை இன்னொரு வேடிக்கை. அதற்குச் சரியான விதையுறையே இல்லை, ஆகவே ஃபைட்டோமெலனும் இல்லை. பாக்கு அளவுக்கோ பெரிதாகவோ நெட்டித்தன்மையுள்ள ஒரு பச்சைக் கட்டி, அது கடலில் மிதந்து கரையேறி மணலில் முளைக்கும். ஆசியக் கடற்கரைகள் நெடுக இந்தச் செடி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வெளியே போனவர்களின் கதை சுருக்கமானது. சம்பங்கி இப்போது அஸ்பராகேசி குடும்பம். அதோடு நிற்கவில்லை, டிஎன்ஏ மரத்தில் அது ஆனைக்கற்றாழைகளின் நடுவிலேயே போய் விழுந்ததால் பாலியாந்தஸ் என்ற பேரினத்தையே கலைத்து அகவே அமிகா என்று அண்மையில் பெயர் மாற்றிவிட்டார்கள். மெக்சிகோவிலிருந்து வந்து மாட வீதியில் மாலையாகும் இந்தப் பூ ஒரு கற்றாழைதான் என்றால் பூக்கட்டும் பெண்கள் சிரிப்பார்கள். 1933-இன் குரோமோசோம்கள் சொன்னதும் அதுதான். நரிவெங்காயம் லில்லியேசியில் தொடங்கி, ஹயாசிந்தேசி வழியாக அஸ்பராகேசியில் வந்து நிற்கிறது. 1977-இல் ஜெஸப் அதை டிரிமியா பேரினத்துக்கு மாற்றினார். பெயரில் வெங்காயம் இருந்தும் வெங்காயக் குடும்பத்தில் அதற்கு இடமில்லை. மருளும் தண்ணீர்விட்டான் கிழங்கும் அஸ்பராகேசி. சோற்றுக்கற்றாழை அஸ்ஃபோடலேசி.

பள்ளிக்கூடம் இதில் பாதி வழியில் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புத் தாவரவியல் நூல் ஏபிஜி முறையை அறிமுகப்படுத்துகிறது. அதே நூலில் லில்லியேசி குடும்பத்துக்கு எடுத்துக்காட்டு வெங்காயம், ஏபிஜி வகைப்பாட்டில் இது அமரிலிடேசி என்ற குறிப்போடு. பெந்தம்-ஹூக்கரைக் கற்றுக்கொடுப்பதில் தவறில்லை, அலமாரியில் செடியைத் தேட அது வேண்டும். ஆனால் லில்லியேசிக்கு வெங்காயத்தை மாதிரியாக வைப்பது, இல்லாத வீட்டில் ஆளைத் தேடச் சொல்வது. வெங்காயத்தையும் ஸ்பைடர் லில்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சூற்பை எதில் மேலே எதில் கீழே, உறை எத்தனை, எந்தப் பூ முதலில் விரிகிறது என்று வரையச் சொன்னால் ஒரே பிரிவேளையில் 200 வருடத்து வாதம் முழுவதும் மேசைமேல் வந்துவிடும். செலவு ஒரு கட்டு வெங்காயத்தாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. ரெயின் லில்லி எனப்படும் ஜெஃபிராந்தஸ் பேரினத்தை 2019-இல் கார்சியாவும் குழுவினரும் மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். பசுங்கணிகத்தின் டிஎன்ஏ ஒரு மரம் காட்டுகிறது, உட்கருவின் டிஎன்ஏ வேறொன்று காட்டுகிறது. பழங்காலத்தில் வெவ்வேறு கிளைகள் தங்களுக்குள் கலந்ததுதான் காரணம். ஹெர்பர்ட் தோட்டத்தில் செய்ததை இயற்கை லட்சக்கணக்கான ஆண்டு முன்பே செய்திருக்கிறது. கலப்பு ஏறிய இடத்தில் கிளை பிரியும் மரப்படம் வலைப்படம் ஆகிவிடுகிறது. அவர்கள் எல்லையை அகலமாகப் போட்டு ஹாப்ராந்தஸ் போன்றவற்றையும் ஜெஃபிராந்தஸுக்குள் சேர்த்தார்கள்.

நமக்கு அருகில் உள்ள சிக்கல் கிரைனம். கடலோரத்து ஏசியாட்டிகத்தில் சந்தேகமில்லை. சதுப்பிலும் ஓடைக்கரையிலும் வளரும் ஒல்லி இலைக் கிரைனத்தைப் பழைய நூல்கள் டிஃபிக்ஸம் என்று எழுதின. லாமார்க் 18-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்திருந்ததைக் கண்டு 1987-இல் அன்சாரியும் வி. ஜே. நாயரும் அதை விவிபேரம் ஆக்கினார்கள். இதழில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும் லாட்டிஃபோலியத்துக்கும் ஜெய்லானிகத்துக்கும் நடுவே கோடு எங்கே என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு இருக்கிறது. ஹெர்பேரியத் தாளை எடுத்துப் பார்த்தால் பிரச்சினை எங்கே என்று புரியும். கிரைனத்தின் இலை சாறுள்ளது, அழுத்தி உலர்த்தினால் அழுகுகிறது அல்லது நிறமற்ற பட்டையாகிறது. கிழங்கு ஆழத்தில் இருப்பதால் பலர் தோண்டுவதே இல்லை. இதழின் கோடு காய்ந்ததும் மறைந்துவிடும். விதையைத் தாளில் ஒட்டவே முடியாது. எந்தப் பண்புகளால் பிரிக்க வேண்டுமோ அவை யாவும் தாளில் இல்லை. உயிரோடு வளர்த்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் இதில் புதுச் செய்தி கிடைக்கிறது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் லேகக்கும் எஸ். ஆர். யாதவும் 2012-இல் காசர்கோடு மாவட்டத்து ஓடையில், தண்ணீருக்குள்ளேயே இலை விட்டு வளரும் கிரைனம் மலபாரிகத்தைப் புதிய சிற்றினமாக விவரித்தார்கள். சென்னைப் பக்கத்துச் சதுப்புகளின் கிரைனத்தையும் கிழங்கோடு எடுத்து, எந்தக் குட்டையிலிருந்து வந்தது என்ற குறிப்போடு தொட்டியில் வைத்து, பூக்க விட்டு, குரோமோசோமையும் விதையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மயூரநாதனின் பட்டியலில் அந்தப் பகுதி அதுவரை டிஃபிக்ஸம் என்ற பழைய பெயரை அடித்து விவிபேரம் என்று மேலே எழுதிய நிலையிலேயே நிற்கும்.